கழிவுநீரில் பாஸ்பரஸ்: மலிவான பொருள்களால் பிடிக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உருக்காலையில் குவிந்து கிடக்கும் ஸ்லாக் (உலோகத்தை உருக்கும்போது மிஞ்சும் கசடு), குடிநீர் நிலையத்திலிருந்து வெளியேறும் படிகாரச் சேறு, முட்டை ஓடு, களிமண், கரி. இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டியில் நிரப்பி அதன் வழியாகக் கழிவுநீரை விட்டால் பாஸ்பரஸ் அதிலேயே நின்றுவிடும் (இதைப் பரப்பு கவர்தல் என்பார்கள்) என்று எண்ணற்ற ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. உண்மைதான், நிற்கும். எவ்வளவு நிற்கும், எத்தனை நாள் நிற்கும், நின்ற பிறகு அந்தக் குவியலை என்ன செய்வது என்று யோசிக்கும்போதுதான் கேள்விகள் எழுகின்றன. சிறிய சுத்திகரிப்பு நிலையம் நடத்துபவர்கள், குளம் வைத்திருப்பவர்கள், திட்டக்கட்டுரை எழுதும் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாஸ்பரஸ் செடிக்கு உரம்தானே? நீரில் இருந்தால் என்ன கெட்டுப்போகிறது?

உரமாக இருப்பதுதான் சிக்கலே. வயலில் பயிர் சாப்பிடுவதை ஏரியில் பாசி சாப்பிடுகிறது. பெரும்பாலான நன்னீர் ஏரிகளில் பாசி கட்டுக்குள் இருப்பதற்குக் காரணம் அங்கே பாஸ்பரஸ் போதுமான அளவு இல்லாததுதான். கார்பனும் நைட்ரஜனும் காற்றிலிருந்துகூட வந்து சேரும். பாஸ்பரஸ் அப்படி வராது.

பாசியின் உடலில் சராசரியாக 106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன் அணுவும் 1 பாஸ்பரஸ் அணுவும் இருக்கும். ரெட்ஃபீல்ட் விகிதம் என்பார்கள். இதை எடையாக மாற்றிப் பார்த்தால் 1 கிராம் பாஸ்பரஸ் சுமார் 114 கிராம் உலர்ந்த பாசிக்குப் போதும். அந்தப் பாசி செத்து மக்கும்போது 140 கிராம் அளவுக்கு ஆக்சிஜனைத் தின்றுவிடும். மீன்கள் மொத்தமாகச் செத்து மிதப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

கண்ணால் பார்க்கும் சான்று வேண்டுமென்றால், கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட ஏரியைச் சொல்லலாம். 1973இல் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் அந்த ஏரியின் குறுக்கே ஒரு திரையைக் கட்டினார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் சேர்த்தார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி மட்டும் பச்சைக் குழம்பாக மாறியது. மேலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் பல நாடுகளின் சோப்புத்தூள் சட்டங்களையே மாற்றியது என்றால் மிகையில்லை.

2014 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் சுமார் 4 லட்சம் பேரிடம் குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. ஈரி ஏரியின் நீலப்பச்சைப் பாசி உண்டாக்கிய நஞ்சு குடிநீரில் கலந்ததுதான் காரணம். அந்தப் பாசியை வளர்த்ததில் பாஸ்பரஸுக்குப் பெரும் பங்கு உண்டு.

கழிவுநீரில் எவ்வளவு இருக்கும்? எவ்வளவு வரை வெளியே விடலாம்?

வீட்டுக் கழிவுநீரில் பொதுவாக லிட்டருக்கு 4 முதல் 12 மில்லிகிராம் வரை இருக்கும். ஒரு மனிதர் நாளொன்றுக்கு 1 முதல் 2 கிராம் பாஸ்பரஸை வெளியேற்றுகிறார், அதிலும் பெரும்பகுதி சிறுநீரில். 1669இல் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி பாஸ்பரஸைக் கண்டுபிடித்ததே சிறுநீரைக் காய்ச்சித்தான். தங்கம் தேடப் போனவர் இருட்டில் ஒளிரும் மெழுகு போன்ற ஒன்றோடு திரும்பினார்.

வரம்பு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் கொண்டுவந்த விதியின்படி, எளிதில் பாதிக்கப்படும் நீர்நிலையில் கலக்கும் கழிவுநீரில் ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்ட நிலையமானால் 1 மில்லிகிராமும், பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் பேருக்கான நிலையமானால் 2 மில்லிகிராமும் உச்சம். அல்லது 80 சதவீதத்தை அகற்றியாக வேண்டும். ஆனால் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் அளவிலேயே ஒரு ஏரி பச்சை பிடிக்கத் தொடங்கலாம். சட்டத்தின் எண்ணும் ஏரியின் எண்ணும் ஒன்றல்ல.

ஒரு அறிக்கையில் 9 என்கிறார்கள், இன்னொன்றில் 3 என்கிறார்கள். எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒருவர் பாஸ்பேட்டாகக் கணக்கிட்டிருப்பார், மற்றவர் பாஸ்பரஸாக. 1 கிராம் பாஸ்பரஸ் என்பது 3.07 கிராம் பாஸ்பேட். இதைப் பார்க்காமல் ஒப்பிட்டால் ஒரு பொருள் மற்றொன்றைவிட மூன்று மடங்கு சிறந்தது என்று தோன்றிவிடும். கட்டுரைகளிலேயே இந்தக் குழப்பம் நிறைய உண்டு. இங்கே நான் சொல்வதெல்லாம் பாஸ்பரஸ் கணக்கு.

பரப்பு கவர்தல் என்றால் உறிஞ்சுவதுதானே?

இல்லை. பஞ்சு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். சுவரில் தூசி ஒட்டுவதுபோல் ஒரு பொருள் இன்னொன்றின் மேற்பரப்பில் மட்டும் பிடிபடுவது பரப்பு கவர்தல். கவரும் பொருளை மீடியா என்று சொல்வது இந்தத் துறையில் வழக்கம். நானும் அப்படியே சொல்கிறேன்.

பாஸ்பேட் எதிர்மின்சுமை கொண்ட அயனி. மேற்பரப்பு நேர்மின்சுமையோடு இருந்தால் சும்மாவே ஈர்க்கும். ஆனால் அந்தப் பிடி தளர்வானது, உப்பு கொஞ்சம் கூடினால் விட்டுவிடும். இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளில் நடப்பது வேறு. அவற்றின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியை வெளியே தள்ளிவிட்டுப் பாஸ்பேட் நேரடியாக உலோக அணுவோடு பிணைந்துகொள்ளும். இது உறுதியான பிடி. சுண்ணாம்புச் சத்துள்ள பொருள்களில் நடப்பது மூன்றாவது வகை: கரைந்து வரும் கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து கால்சியம் பாஸ்பேட்டாகப் படிந்துவிடுகிறது. கறாராகப் பார்த்தால் இது பரப்பு கவர்தலே இல்லை, வீழ்படிவு. இருந்தும் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைக்கிறார்கள். பெயர் எப்படியோ போகட்டும். எந்த வகை என்று தெரிந்துகொள்வது முக்கியம். மீடியாவைத் திரும்பப் பயன்படுத்த முடியுமா, உரமாகப் போட முடியுமா என்பதெல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

படிகாரம் போட்டால் போதுமே, இதெல்லாம் எதற்கு?

பெரிய நிலையமாக இருந்தால் படிகாரமோ ஃபெரிக் குளோரைடு என்ற இரும்பு உப்போதான் நல்லது என்று நானும் சொல்வேன். பாஸ்பரஸைத் தங்கள் உடலில் சேமித்து வைக்கும் நுண்ணுயிர்களைக் கொண்டு நடத்தும் உயிரியல் முறையும் உண்டு. ஆனால் அதற்குக் காற்றில்லாத கட்டம், காற்றுள்ள கட்டம் என்று மாறி மாறி ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும்.

படிகாரத்துக்கு மருந்து அளந்து விடும் பம்ப் வேண்டும், தினமும் கவனிக்க ஆள் வேண்டும். அது நீரின் காரத்தன்மையைக் குறைக்கும், ஸ்லட்ஜும் (அடியில் தங்கும் சேறு) கூடும். முப்பது வீடுகளுக்கான நிலையத்திலோ, தனி வீட்டிலோ, ஆள் எப்போதாவது வந்துபோகும் இடத்திலோ இது நடக்கிற காரியமில்லை. அங்கேதான் ஒரு மீடியா தொட்டிக்கு இடம் இருக்கிறது: பம்ப் வேண்டாம், மருந்து வேண்டாம், நீர் தானாக இறங்கி ஓடினால் போதும்.

எந்தெந்தப் பொருள்கள் உண்மையில் வேலை செய்கின்றன?

ஒரே ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான பெயர்களை நீங்களே தரம்பிரித்துவிடலாம். இரும்பு, அலுமினியம், கால்சியம், மக்னீசியம், லந்தனம் ஆகியவற்றில் ஒன்றாவது வினைபுரியும் வடிவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாஸ்பேட்டுக்கு அங்கே வேலை இல்லை.

என் முதல் தேர்வு படிகாரச் சேறு. குடிநீர் நிலையங்களில் கலங்கலைத் தெளியவைக்கப் படிகாரம் போடும்போது அடியில் தங்குவது இது. அலுமினிய ஹைட்ராக்சைடு படிக வடிவம் பெறாமல் அதில் நிறைந்திருக்கிறது. அந்த ஒழுங்கற்ற அமைப்பு பாஸ்பேட்டுக்கு ஏராளமான இடம் கொடுக்கும். காயவைத்து உடைத்து சலித்தால் போதும், சுட வேண்டியதில்லை. நிலையங்களே இதை எங்கே கொட்டுவது என்று தவித்துக்கொண்டிருக்கும். குறை என்னவென்றால் நொய்ந்த பொருள், ஈரத்தில் பொடிந்து அடைக்கும். நீரின் பிஎச் (அமில, கார அளவு) 6 முதல் 8 வரை இருந்தால் அலுமினியம் கரைந்து வருவது குறைவாகவே இருக்கும்.

இதன் உறவினர் இரும்பு பூசிய மணல். நிலத்தடி நீரிலுள்ள இரும்பை அகற்றும் வடிகட்டிகளில் மணல் துகள்மேல் இரும்பு ஆக்சைடு படிந்துவிடும். நெதர்லாந்தில் வயல்களின் வடிகால் குழாயைச் சுற்றி இந்த மணலை நிரப்பிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மழைநீர் வடிகட்டிகளில் மணலோடு எடையில் 5 சதவீதம் அளவுக்கு இரும்புத் துருவலைக் கலக்கிறார்கள். துருதான் மருந்து.

ஸ்லாக்கில் கால்சியம் மிகுதி, இரும்பும் உண்டு. உறுதியான கல்லாக இருப்பதால் நீர் அடைபடாமல் ஓடும். அனல்மின் நிலையச் சாம்பலும் கால்சியம் அதிகமுள்ள வகையானால் நன்றாகப் பிடிக்கும். பொடியாக இருப்பதால் அப்படியே தொட்டியில் நிரப்ப முடியாது. உடைத்த கான்கிரீட்டும் பிடிக்கும். டாலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்), லேட்டரைட் (செம்பூரான் கல்) ஆகியவை சுமார் ரகம். சாதாரணச் சுண்ணாம்புக்கல்லை ஏனோ எல்லோரும் முதலில் எடுத்துவருகிறார்கள். சுடாத கல் மிகவும் மந்தம். ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் அம்மோனியத்துக்கு நல்லது, மாற்றம் செய்யாமல் பாஸ்பேட்டுக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

அலுமினிய ஆலையின் சிவப்புச் சேறு பாஸ்பேட்டை நன்றாகவே பிடிக்கும். ஆனால் அதன் காரம் கடுமையானது. 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்கா பகுதியில் சிவப்புச் சேற்றுக் குட்டை உடைந்து 10 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட பொருளைக் கழுவி, நடுநிலையாக்கி, பிறகு பயன்படுத்தும் செலவைச் சேர்த்தால் மலிவு என்ற சொல் பொருந்துமா என்று யோசிக்க வேண்டும்.

தேங்காய் நார்க்கழிவு, மரத்தூள், உமிக்கரி? கரி எல்லாவற்றையும் பிடிக்கும் என்கிறார்களே?

சாயத்தையும் சில உலோகங்களையும் பிடிக்கும். பாஸ்பேட்டைப் பிடிக்காது. தாவரப் பொருள்களின் மேற்பரப்பும் சாதாரண உயிர்க்கரியின் மேற்பரப்பும் எதிர்மின்சுமை கொண்டவை, பாஸ்பேட்டும் அப்படியே. போதாததற்குக் கரியிலேயே தாவரத்தின் பாஸ்பரஸ் சாம்பலாக இருக்கும். அதை நீரில் போட்டால் பாஸ்பரஸ் குறைவதற்குப் பதில் கூடவும் வாய்ப்பு உண்டு.

மக்னீசியம், கால்சியம் அல்லது இரும்பு உப்பில் ஊறவைத்துச் சுட்டால் கதை மாறும். அப்போது பிடிப்பது அந்த உலோகம், கரி வெறும் தாங்கி. அந்த உப்பு, அதைக் கழுவும் நீர், சூளையின் எரிபொருள் எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்காமல் "விவசாயக் கழிவிலிருந்து மலிவான பொருள்" என்று எழுதுவதை நான் நம்புவதில்லை.

முட்டை ஓட்டுக்கும் இதே பேச்சுதான். அதில் 94, 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். சுடாமல் போட்டால் மந்தம். 800 முதல் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் நன்றாக வேலை செய்யும். ஆனால் சுடும்போது 100 கிலோ கார்பனேட்டில் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். சுண்ணாம்பு எங்கும் கிடைக்கிறதே, அப்புறம் முட்டை ஓடு எதற்கு என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

"கிராமுக்கு 100 மில்லிகிராம் பிடிக்கும்" என்று கட்டுரையில் போட்டிருக்கிறது. நம்பலாமா?

அந்த எண் பொய்யில்லை. உங்கள் தொட்டிக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

ஆய்வகத்தில் செய்வது இது. பொருளை மாவாக அரைத்து, லிட்டருக்கு 100, 500 மில்லிகிராம் பாஸ்பரஸ் கரைத்த சுத்தமான நீரில் போட்டு, ஒரு நாள் குலுக்குவார்கள். பிறகு வரும் எண்களை லாங்மியூர் சமன்பாட்டில் பொருத்தி, எல்லா இடமும் நிரம்பினால் எவ்வளவு என்று உச்சக் கொள்ளளவைக் கணக்கிடுவார்கள். உங்கள் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரில் 1 மில்லிகிராம்தான் இருக்கலாம் என்றால், அந்த 1 மில்லிகிராம் செறிவில் மீடியா எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேள்வி.

ஒரு உதாரணம் பார்ப்போம். உச்சக் கொள்ளளவு கிராமுக்கு 30 மில்லிகிராம், பிடியின் வலிமையைக் காட்டும் லாங்மியூர் மாறிலி ஒரு மில்லிகிராமுக்கு 0.1 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீரில் 100 மில்லிகிராம் மிச்சமிருக்கும்போது ஒரு கிராம் மீடியா 27 மில்லிகிராம் பிடித்திருக்கும். 5 மில்லிகிராம் மிச்சமிருக்கும்போது 10. 1 மில்லிகிராம் மிச்சமிருக்கும்போது 2.7 மட்டுமே. பொருள் மாறவில்லை, கேள்விதான் மாறியது.

இதற்கும் மேல் களம் ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தின் வைகூ நகரில் கழிவுநீர்க் குட்டையிலிருந்து வரும் நீரை உருக்காலை ஸ்லாக் படுகைகளின் வழியாக விட்டு, பத்தாண்டுகளுக்கு மேல் அளந்தார்கள். முழு அளவில் இவ்வளவு காலம் நடந்த முதல் சோதனை அது. முதல் 5 ஆண்டுகள் சராசரியாக 77 சதவீதம் பாஸ்பரஸ் நின்றது. வெளியேறிய நீரில் சராசரி 2.3 மில்லிகிராம். அதன் பிறகு பிடிப்பது கிட்டத்தட்ட நின்றே போனது. மொத்தத்தில் ஒரு டன் ஸ்லாக் பிடித்தது 1.23 கிலோ, அதாவது கிராமுக்கு 1.23 மில்லிகிராம். இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஐந்து ஆண்டுகள் மின்சாரமும் மருந்தும் இல்லாமல் ஒரு கற்குவியல் உழைத்திருக்கிறது. ஆனால் கணக்குப் போடும்போது கையில் இருக்க வேண்டியது இந்த மாதிரி எண், 100 அல்ல.

சரி, ஒரு வீட்டுக்கு எவ்வளவு மீடியா வேண்டும்?

ஐந்து பேர், ஆளுக்கு 100 லிட்டர், மொத்தம் நாளொன்றுக்கு 500 லிட்டர். உள்ளே வருவது 10 மில்லிகிராம், வெளியே 1 மில்லிகிராம் என்றால் ஒரு லிட்டரில் 9, ஒரு நாளில் 4.5 கிராம், ஓராண்டில் ஏறக்குறைய 1.64 கிலோ பாஸ்பரஸ். வைகூ ஸ்லாக்கின் எண்ணைப் போட்டால் ஆண்டுக்கு 1,335 கிலோ. கிராமுக்கு 10 மில்லிகிராம் தாங்கும் நல்ல மீடியா கிடைத்தால் 165 கிலோ.

முதல் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஸ்லாக் கனமான பொருள், அவ்வளவும் ஒரு கனமீட்டருக்குள் அடங்கும். அதில் துகள்களுக்கு இடையிலான இடைவெளி நாற்பது சதவீதம் என்று வைத்தால், நீர் உள்ளே தங்குவது 17 மணி நேரம். ஸ்லாக்குக்கு ஒரு நாள் அளவு தொடர்பு நேரம் தேவைப்படுவதால் எப்படியும் இதைவிடக் கொஞ்சம் பெரிய தொட்டிதான் கட்ட வேண்டியிருக்கும்.

இங்கேதான் மலிவு என்பதன் பொருள் தெரிகிறது. மீடியா இலவசமாகக் கிடைக்கலாம். 1,335 கிலோவை ஏற்றி வந்து இறக்கி, ஓராண்டு கழித்து ஈரக் கனத்தோடு அள்ளி வேறெங்காவது கொண்டுபோவது இலவசமில்லை. விலை கேட்பதென்றால் ஒரு கிலோ மீடியாவுக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். பிடித்த ஒரு கிலோ பாஸ்பரஸுக்கு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் பல "இலவச" பொருள்கள் பின்னுக்குப் போய்விடும், பக்கத்திலேயே கிடைக்கும் சுமாரான பொருள் முன்னுக்கு வரும்.

நீரின் பிஎச் எவ்வளவு இருக்க வேண்டும்?

இரும்பும் அலுமினியமும் சற்று அமிலப் பக்கம் சிறப்பாக வேலை செய்யும், பிஎச் ஏற ஏறப் பிடி குறையும். மேற்பரப்பின் நேர்மின்சுமை போய்விடுவதும், ஹைட்ராக்சைடு அயனி இடத்துக்குப் போட்டியிடுவதும் காரணம். கால்சிய வகை நேர்மாறு, காரம் கூடினால்தான் படியும்.

அதனால்தான் புதிய ஸ்லாக், கான்கிரீட் படுகையிலிருந்து வரும் நீரின் பிஎச் 11, 12 வரை போகிறது. அதை அப்படியே ஓடையில் விட்டால் பாஸ்பரஸைப் பிடித்து மீனைக் கொன்ற கதையாகிவிடும். அந்த பிஎச்சில் நீரிலுள்ள அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும். பின்னால் ஒரு ஆழமற்ற குட்டை வைத்துக் காற்றின் கார்பன் டை ஆக்சைடு படவிட வேண்டும், அல்லது அமிலம் சேர்க்க வேண்டும். காலப்போக்கில் பிஎச் தானாக இறங்கும். அப்போது பாஸ்பரஸ் பிடிப்பதும் இறங்கத் தொடங்கும்.

நீரிலுள்ள மற்ற பொருள்கள் இடைஞ்சல் செய்யுமா?

குளோரைடும் நைட்ரேட்டும் பெரிதாகச் செய்யாது. பைகார்பனேட் செய்யும். கால்சிய மீடியாவில் அது கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து துகளை மூடிவிடும், படுகையே கட்டியாக இறுகுவதும் உண்டு. சிலிக்கேட்டும் மக்கிய கரிமப் பொருள்களும் இரும்பு, அலுமினிய மீடியாவின் இடங்களைப் பிடித்துக்கொள்ளும். ஆர்சனேட் பாஸ்பேட்டின் இரட்டைப் பிறவி மாதிரி, அதே இடத்தில் அதே விதமாக உட்காரும்.

மீடியாவிலிருந்தே விஷம் கசியாதா?

கசியலாம். சாம்பலில் ஆர்சனிக், செலினியம், குரோமியம் இருக்கக்கூடும். ஸ்லாக்கில் குரோமியம், வனேடியம். ஆலைக்கு ஆலை, ஏன், மூட்டைக்கு மூட்டை மாறும். ஒரு தொகுதியைச் சோதித்த சான்றிதழ் அடுத்த லோடுக்குப் பொருந்தாது. நிரப்புவதற்கு முன் உங்கள் கழிவுநீரிலேயே ஊறவைத்து உலோகங்களை அளந்துவிடுங்கள். இதற்கு ஆகும் செலவை மிச்சப்படுத்த நினைக்க வேண்டாம்.

கழிவுநீரை நேரடியாகப் படுகையில் விடலாமா?

கூடாது. திடப்பொருள் நிறைந்த நீர் சில வாரங்களிலேயே அடைத்துவிடும். மலத்தொட்டி, உயிரியல் சுத்திகரிப்பு, படிவுத் தொட்டி எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் இந்தப் படுகை வர வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. மீடியா பிடிப்பது கரைந்த ஆர்த்தோபாஸ்பேட்டை, அதாவது தனித்த பாஸ்பேட் அயனியைத்தான். கரிமப் பாஸ்பரஸும் துகளில் ஒட்டியதும் நழுவிப் போய்விடும். முன்கட்டங்களில் நுண்ணுயிர்கள் அவற்றில் பெரும்பகுதியை ஆர்த்தோபாஸ்பேட்டாக உடைத்துத் தந்துவிடும்.

துகளின் அளவு சமரசம்தான். மாவு வேகமாகப் பிடிக்கும், நீரை விடாது. பெரிய கல் நீரை விடும், உள்பகுதி வீணாகும். இடைப்பட்ட 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை பலருக்கும் சரிப்பட்டு வருகிறது.

இரும்பு மீடியா சில மாதம் நன்றாக இருந்தது, திடீரென்று உள்ளே வருவதைவிட அதிகமாக வெளியே வருகிறது. ஏன்?

பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும். படுகை எப்போதும் மூழ்கிக் கிடந்து, உள்ளே கரிமப் பொருள் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் மூன்று இணைதிற இரும்பை இரண்டு இணைதிற இரும்பாகக் குறைத்துவிடும். அது கரையும், கரையும்போது பிடித்துவைத்த பாஸ்பேட்டையும் கைவிட்டுவிடும். ஏரிகளின் அடிச்சேற்றிலும் கோடையில் நடப்பது இதுவே. வெளிவரும் நீர் மஞ்சளாக இருக்கிறதா, அழுகிய முட்டை வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். படுகையை விட்டு விட்டு நிரப்பி வடியவிட்டால் காற்று உள்ளே போகும். தொடர்ந்து மூழ்கித்தான் இருக்கும் என்றால் அலுமினியமோ கால்சியமோ பாதுகாப்பான தேர்வு.

நிரம்பிய மீடியாவை உரமாகப் போடலாமா? கழுவித் திரும்பப் பயன்படுத்தலாமா?

கால்சியம், மக்னீசியம் வகையானால் வயலுக்கு நல்லது, குறிப்பாக அமில மண்ணுக்கு. பாஸ்பரஸ் மெல்ல மெல்லக் கிடைக்கும், சுண்ணாம்பும் சேரும். இரும்பு, அலுமினிய வகையில் பிடி உறுதியாக இருப்பதால் செடிக்கு அவ்வளவாகக் கிடைக்காது. படிகாரச் சேற்றை அளவுக்கு மீறிப் போட்டால் மண்ணில் ஏற்கெனவே இருக்கும் பாஸ்பரஸையும் கட்டிப்போட்டுவிடும். எதுவானாலும் உலோகங்களையும் நோய்க்கிருமிகளையும் சோதிக்காமல் போடக் கூடாது. ஒரு கிலோ ஸ்லாக்கில் 1.23 கிராம் பாஸ்பரஸ் என்றால் அதை உரம் என்று சொல்வதும் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வதுதான்.

கழுவுவதென்றால் இரும்பு, அலுமினிய மீடியாவைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் பாஸ்பேட் வெளியே வரும். கால்சிய வகையில் இது நடக்காது. ஆனால் விலை குறைந்த மீடியாவுக்குச் செலவு கூடிய காரம் எதற்கு? விலை உயர்ந்த, வடிவமைத்த இரும்பு ஆக்சைடு மணிகளுக்குத்தான் அது கட்டுப்படியாகும். பாஸ்பேட் பாறையின் உலக இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்கு சஹாராவிலும் குவிந்திருப்பதால், மீட்டெடுக்கும் பேச்சு இனிமேல் கூடத்தான் செய்யும்.

ஏரியிலேயே நேரடியாகத் தூவ முடியாதா?

முடியும். லந்தனம் ஏற்றிய பென்டோனைட் களிமண்ணை 1990களில் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. உருவாக்கியது, ஃபாஸ்லாக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நீரிலுள்ள பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும். ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் விடாது. ஆனால் இது மலிவான பொருள் இல்லை. காரத்தன்மை குறைந்த மென்னீரில் லந்தனம் தனியாகக் கரைந்து உயிரினங்களைப் பாதிக்கலாம். ஏரிக்குள் வரும் கழிவுநீரை நிறுத்தாமல் தூவுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதுபோல.

மாணவர்கள் செய்யும் சோதனையில் வழக்கமாக எங்கே தவறு நடக்கிறது?

முதல் தவறு கண்ணாடிக் கலன்களில். பாஸ்பேட் உள்ள சோப்பால் கழுவிய குடுவை உங்கள் எண்ணைக் கெடுத்துவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவுங்கள். மர்ஃபி, ரைலி இருவரும் 1962இல் வெளியிட்ட மாலிப்டினம் நீல முறைதான் இன்றும் எங்கும் நடப்பில் இருக்கிறது. 880 நானோமீட்டரில் நீல நிறத்தை அளப்பது. அது காட்டுவது ஆர்த்தோபாஸ்பேட்டை மட்டும்தான். மொத்தப் பாஸ்பரஸ் வேண்டுமென்றால் பெர்சல்ஃபேட்டோடு சேர்த்துச் சூடாக்கிச் செரிக்கவைத்த பிறகு அளக்க வேண்டும். தரக்கரைசலுக்கு 0.2195 கிராம் உலர்ந்த பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் 50 மில்லிகிராம் பாஸ்பரஸ்.

மீடியாவும் தூய நீரும் மட்டும் உள்ள ஒரு குடுவை, மீடியா இல்லாத பாஸ்பேட் கரைசல் உள்ள ஒரு குடுவை, இரண்டையும் கட்டாயம் வையுங்கள். செறிவை 2 முதல் 20 மில்லிகிராமுக்குள் வைத்தால் உங்கள் முடிவு யாருக்காவது பயன்படும். குலுக்கி முடித்ததும் பிஎச்சை மறுபடி அளவுங்கள், ஆரம்ப பிஎச் மட்டும் போதாது.

அப்புறம் ஒரு விஷயம். "போலி இரண்டாம் வகை வினைவேகச் சமன்பாடு பொருந்தியது, எனவே வேதிப் பிணைப்பு நடக்கிறது" என்ற வாக்கியம் ஏறக்குறைய எல்லாத் திட்டக்கட்டுரையிலும் இருக்கிறது. அந்தச் சமன்பாடு சமநிலையை நெருங்கும் எந்தத் தரவுக்கும் பெரும்பாலும் பொருந்திவிடும். அதை வைத்து இயங்குமுறையை நிரூபிக்க முடியாது. ஒரு வாரம் குழாயில் நீர் ஓட்டிப் பார்த்த சோதனை, பத்துச் சமன்பாடுகளைவிட அதிகம் சொல்லும்.

மீடியா தீர்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளியேறும் நீரை மட்டும் அளந்துகொண்டிருந்தால் தாமதமாகத்தான் தெரியும். படுகையின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஒரு சிறிய மாதிரிக் குழாயை நட்டுவையுங்கள். நிரம்புவது உள்வாயிலிலிருந்து மெல்ல நகர்ந்து வரும். அந்தக் குழாயில் பாஸ்பரஸ் ஏறத் தொடங்கினால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு கையில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போதே லாரிக்குச் சொல்லிவைக்கலாம். ஸ்லாக், கான்கிரீட் படுகையானால் இன்னும் எளிய வழி உண்டு. வெளிவரும் நீரின் பிஎச்சை வாரம் ஒருமுறை குறித்துவாருங்கள். அது 9க்குக் கீழே இறங்கிய வாரமே பாஸ்பரஸையும் அளந்து பாருங்கள். இரண்டு படுகைகளை அடுத்தடுத்து வைத்தவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்: முதலாவதை மாற்றிவிட்டு, இரண்டாவதை முதலிடத்துக்குத் திருப்பிவிட இரண்டு வால்வுகள் போதும்.